முத்து ஏன் விளையவில்லை? கடலைப் பாடமாகப் படித்த கதை



போன வாரம் ஆவடியில் ஒரு வளைகாப்பில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கடல் உயிரியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். "டீச்சர், நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இதைப் படிச்சு என்ன பண்ணப் போறா?" என்று கேட்டார். பந்தி நேரம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

தூத்துக்குடிக் கடலுக்கு அடியில் மணலுக்கு நடுவே பாறைத் திட்டுகள் இருக்கின்றன. முத்துச் சிப்பி வளரும் இடம் அதுதான். கடற்கரை மக்கள் அதைப் 'பார்' என்பார்கள். பரதவர்களும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குளிப்பாளிகளும் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, 10 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்குவார்கள். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உயிர் அந்தக் கயிற்றில்தான். ஆங்கிலேயர் காலத்தில், எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு.

ஆனால் முத்து எல்லா ஆண்டும் கிடைக்காது. ஓர் ஆண்டு பார் நிறையச் சிப்பி இருக்கும். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் வெறும் மணல். இலங்கைப் பக்கத்தில் 1891-க்குப் பிறகு பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அரசுக்கு வருமானம் போயிற்று. வருமானம் போனால் அரசுக்கு உடனே அறிவியல் நினைவுக்கு வரும்! 1902-ல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மேன் என்பவரை வரவழைத்தார்கள். உதவிக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பேராசிரியர் திரும்பிப் போய்விட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார்.

இதற்கு முன்பே நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு பற்றி 1890-ல் எழுதியிருந்தார். குலங்களும் குடிகளும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதினாரே, அதே தர்ஸ்டன்தான். நான் உங்களை லோக்கல் ரயிலில் அழைத்துப்போய்க் காட்டிய திமிங்கில எலும்புக்கூடு இருப்பது அந்த அருங்காட்சியகத்தில்தான். அவர் முயற்சியில் 1909-ல் மெரினாவில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது.

ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநர் ஆனார். 1914-ல் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். நம் கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய்ப் பெண்களின் வளையலாக மாறுவது வரை அதில் இருக்கிறது. பாம்பன் பக்கத்திலுள்ள குருசடைத் தீவில் வாழும் உயிர்களைப் பற்றி அருங்காட்சியகம் 1927-ல் ஒரு நூல் வெளியிட்டது. அதன்பிறகு விலங்கியல் மாணவர்கள் தேடிப்போகும் தீவாயிற்று குருசடை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆங்கில அறிக்கைகளில் 'பார்' என்ற நம் சொல்லை அப்படியே எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் அதற்கு வேறு சொல் இல்லை. பார் எங்கே இருக்கிறது, எந்தப் பாரில் சிப்பி பிடிக்கும் என்பதெல்லாம் குளிப்பாளிகளுக்குத் தெரிந்த விஷயம். புத்தகத்தின் அட்டையில் பெரும்பாலும் துரைமார் பெயர். உள்ளே இருக்கும் அறிவில் பாதி, மூச்சடக்கி இறங்கியவர்களுடையது.

சரி, கேள்விக்கு விடை கிடைத்ததா? சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம் உயிரைச் சுற்றித்தான் முத்து உண்டாகிறது என்று ஹெர்ட்மேனும் ஹார்னெலும் கருதினார்கள். அது முழு விடை அல்ல. சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதன் செல்கள் உடலுக்குள் போய் ஒரு பை போல ஆனால், அந்தப் பைக்குள் முத்து வளர்கிறது. புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பை வேண்டும்.

விடுதலை வருவதற்குச் சில மாதம் முன்பு, 1947 பிப்ரவரியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பிறகு மண்டபத்திலிருந்து பல ஆண்டுகள் இயங்கியது. தலைமையகம் இப்போது கொச்சியில். 1961-தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு. பார் வறண்டது. ஆனால் 1973-ல் அதே நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, தூத்துக்குடி அருகே வேப்பலோடையில், சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும் தோல் துண்டையும் வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். நம் நாட்டில் அது ஒரு மைல்கல். அரசு வருமானத்துக்காகக் கேட்ட கேள்வி, எழுபது ஆண்டு கழித்து இப்படிப் பலன் தந்தது.

அதற்குள் கேள்வியே மாறிவிட்டது. 'கடலிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்' என்றவர்கள், 'எவ்வளவு மிச்சம் இருக்கிறது' என்று கேட்கத் தொடங்கினார்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் தீவுகளுக்கு அரண் போயிற்று. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அவற்றில் இரண்டு இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுவுக்கென்று காப்பகம் அறிவித்தது தமிழக அரசு. வலையில் சிக்கும் கடல்பசுவை அறுத்து விடுவிப்பவர்கள் மீனவர்கள்தான். அன்று பாரைக் காட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடல்பசுவைக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் உதவி இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் நடக்காது.

இப்போது மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பருத்திப்பட்டு வழியாக, திருவேற்காடு தாண்டி ஓடும் கூவம் எங்கே போய்ச் சேருகிறது? நேப்பியர் பாலத்தருகே கடலில். நாம் வாய்க்காலில் போடும் பிளாஸ்டிக் பை, பட்டறைகளின் கழிவு எண்ணெய் எல்லாம் அங்கேதான் போகிறது. கடல் நமக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம். கடலுக்கு நாம் அவ்வளவு தூரமில்லை.

தம்பி, பிள்ளையை அனுப்பு. வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நம் பள்ளிக்கரணையில் ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்பும் கலத்தை உருவாக்கும் தேசிய நிறுவனம் இருக்கிறது. என்ஜினீயரிங் போல உடனே சம்பளம் வருமா என்று கேட்டால், வராமலும் போகலாம். அதை மறைக்க மாட்டேன். அவளுக்கும் அதைச் சொல்லி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேள்.

அவளிடம் இன்னொன்றும் சொல். கடற்கரைக்குப் போனால் முதலில் நோட்டைத் திறக்க வேண்டாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இந்தக் கடல் எப்படி?" என்று கேட்கட்டும். அவர் சொல்வதை எழுதும்போது அவர் பெயரையும் சேர்த்து எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்