தொண்டர் வண்டியும் நகரசபையும்

1909-ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்து ரோனோக் நகரில், ஆற்றிலே தோணியொன்று கவிழ்ந்தது. கரையிற் பலர் கூடிநின்றனர். காப்பாற்றும் வழி அறிந்தவர் ஒருவருமிலர். இருவர் மூழ்கி மாண்டனர். பார்த்து நின்றவர்களுள் ஒன்பது வயதுச் சிறுவனான ஜூலியன் ஸ்ரான்லி வைஸ் என்பவனும் ஒருவன். அவர் வளர்ந்து புகையிரதக் கம்பனி ஊழியராகி, 1928-இல் உடன் ஊழியர் ஒன்பதின்மரைச் சேர்த்து உயிர்காப்புத் தொண்டர் படையொன்றை நிறுவினார். அந்நாட்டின் தொண்டர் மீட்புப் படைகளுக்கு அதனையே முன்னோடியாகக் கூறுவர். அதே நகரிற் கறுப்பின மக்கள் 1941-இல் தமக்கென ஹன்ரன் உயிர்காப்புப் படையை அமைத்துக்கொண்டனர்.

இத்தகைய வரலாறுகளை நாம் விரும்பிப் படிக்கின்றோம். தொண்டு தொடங்கியபின் அதற்குப் பணம் தருபவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்பவற்றை அறிய நமக்கு அத்துணை விருப்பமில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த நமக்கு நல்ல சமாரியன் கதை மனப்பாடம். காயம்பட்டவனைப் பராமரிக்கச் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுக்கப்பட்டது. அது எவ்வாறு செலவாயிற்று என்று வகுப்பில் எவரும் கேட்டதில்லை! ஆயினும் தொண்டு நிறுவனங்கள் வாழ்வதும் மாள்வதும் அந்தக் கேள்வியிலேதான். அதற்குச் சான்றாகப் பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

1960-களின் நடுவிலே அந்நகரில் அவசர நோயாளரை ஏற்றிச் செல்வது பொலிஸாரின் வேலை. கைதிகளை ஏற்றும் வண்டியே அம்புலன்ஸ். நோயாளி பின்னே தனியே கிடப்பார். பொலிஸார் இருவரும் முன்னே அமர்ந்திருப்பர். கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹில் பகுதிக்கு அவ்வண்டியும் நேரத்துக்கு வருவதில்லை. பொலிஸை அழைக்க அஞ்சியவரும் பலர். நகர நிருவாகம் இந்தச் சேவையை எவரிடமும் ஒப்படைத்து மேற்பார்வை செய்யவில்லை, தானே நடத்தியது. அதை மேற்பார்வை செய்ய எவருமில்லை. 1966 நவம்பரில், அந்நகரின் முன்னாள் மேயரும் அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லோறன்ஸ் தேர்தற் கூட்டமொன்றில் மயங்கி வீழ்ந்தார். பொலிஸ் வண்டியில் ஆஸ்பத்திரி சேர்வதற்குள் மூளை பழுதடைந்துவிட்டது; அம்மாதமே காலமானார். ஏழைகள் நெடுநாளாக அனுபவித்த குறை அன்றுதான் பெரியோர் கண்ணிற் பட்டது.

அவ்வாண்டிலே பீற்றர் சபார் என்னும் வைத்தியர் தம் மகளை இழந்திருந்தார். வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் அவர். மோறிஸ் போக் மருத்துவ நிதியத்தின் தலைவர் பில் ஹாலன் அவரை நாடினார். ஹில் பகுதியிற் பணிசெய்த ‘பிரீடம் ஹவுஸ்’, அதாவது சுதந்திர இல்லம், என்னும் அமைப்பும் சேர்ந்தது. 1967-இல் அம்புலன்ஸ் சேவைக்கு அடித்தளம் இடப்பட்டது. சேர்ந்தவர்கள் வேலையற்ற கறுப்பின வாலிபர். உயர்நிலைப் படிப்பை முடியாதோரும் அவர்களுள் இருந்தனர். ‘இவர்களால் எதுவும் ஆகாது’ என்று ஊர் ஒதுக்கியவர்கள். சபார் அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி அளித்தார். முதலாண்டிலேயே அவர்கள் ஏறத்தாழ 5,800 அழைப்புகளுக்குச் சென்றனர்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். கோயில் தேர்த்திருவிழாவில் மயங்கி வீழ்வோரைத் தூக்கிச் செல்லும் நம் தொண்டரிடம், ‘முதலுதவிப் பயிற்சி பெற்றீர்களா?’ என்று பிரதேச சபையார் கேட்டால் நமக்குக் கோபம் வரும். வருதல் தகாது. நல்லெண்ணம் மட்டும் மூச்சை மீட்காது. சபார் கேட்டதும் அதைத்தான். அக்கண்டிப்பே அவ்வாலிபரை உயர்த்தியது.

நகர நிருவாகம் செய்த மேற்பார்வையோ வேறு வகை. சுதந்திர இல்லத்தோடு அது ஒப்பந்தம் செய்தது. பணத்தில் ஒரு பங்கும் தந்தது. ஆனால் எப்பகுதிக்குச் செல்லலாம் என்ற எல்லை நகரத்தின் கையில். அவசர அழைப்புகள் வந்து சேர்வதோ பொலிஸாரிடம். எனவே தொண்டர் பொலிஸ் வானொலியை ஒட்டுக்கேட்டு முந்திச் செல்ல நேர்ந்தது. 1970-இல் மேயரான பீற்றர் பிளாஹேட்டியின் காலத்தில் இழுபறி வளர்ந்தது. இதற்கிடையில், ஏழைகளின் பகுதிக்குக் கிடைக்கும் சிறந்த சேவை தமக்கு ஏன் இல்லை என்று செல்வர் பகுதியினரும் கேட்கலாயினர். காலத்தின் விந்தையைப் பாருங்கள்!

1974-இல் நான்சி கரோலைன் என்னும் இளம் பெண் வைத்தியர் இப்படையின் மருத்துவ நெறியாளரானார். இங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டே நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை மத்திய அரசுக்கு அவர் வகுத்தளித்தார். நாட்டுக்கே பாடம் சொன்ன அப்படையை அதன் சொந்த நகரம் 1975-இல் மூடியது. நகரம் தன் சொந்த அம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி, அவ்வாண்டு ஒக்டோபரில் சுதந்திர இல்லத்தின் பணியை முடிவுறச் செய்தது.

நகரம் முழுவதற்கும் ஒரே சேவை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. உயிர்காக்கும் பணி ஒரு நிதியத்தின் தயவில் என்றென்றும் நிற்க முடியாது. வரிப்பணத்திலிருந்து அதை நடத்துவதே முறை. ஆனால் நடந்தது யாது? பழைய ஊழியரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று கரோலைன் போராடினார். பெயரளவிற் சேர்த்துக்கொண்டனர். பின்னர் புதிய பரீட்சைகள் வந்தன. பழைய குற்றப் பதிவுகள் கிளறப்பட்டன. மருத்துவப் பணி அனுபவமற்ற புதியவருக்குப் போயிற்று, அனுபவமுள்ளோர் உதவியாளராயினர். பலர் விலக்கப்பட்டனர், அல்லது தாமே விலகினர். தகுதி பார்ப்பது நேர்மையே. எனினும் முன்னரே தகுதியை நிலைநாட்டியவரை வெளியேற்றவும் அந்த அளவுகோலே உதவிற்று. இதனை வெறும் நிருவாக மாற்றம் என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை.

நிலைத்து நின்ற சிலருள் ஜோன் மூன் ஒருவர். படிப்படியாக உயர்ந்து அந்நகரச் சேவையின் துணைத் தலைவரானார். அவர் சேர்த்துவிட்ட அமெரா கில்கிறிஸ்ற் என்னும் கறுப்பினப் பெண்மணி 2023-இல் அச்சேவைக்கே தலைவரானார்.