வரைபடவழிப் போக்குவரத்து ஆணைகள் (இங்கிலாந்து)

ஒரு தெருவில் வண்டி நிறுத்தத் தடை, கட்டண நிறுத்தம், ஒருவழிப் பாதை, வேக வரம்பு ஆகியவற்றைச் சட்டபூர்வமாக விதிக்க இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் பயன்படுத்தும் கருவி போக்குவரத்து ஒழுங்காணை. நெடுங்காலம் சொற்களால் மட்டுமே எழுதப்பட்டுவந்த இந்த ஆணைகளை, டிஜிட்டல் வரைபடத்தையே ஆணையின் பகுதியாக வைத்துத் திருத்தி எழுதுவது வரைபடவழி ஆணை எனப்படுகிறது. சாலையில் தீட்டிய மஞ்சள் கோடு தன்னளவில் சட்டம் அன்று. பின்னால் ஓர் ஆணை இருக்கிறது என்பதன் அறிவிப்புதான் அது. ஆணை இல்லாத கோட்டைக் காட்டி அபராதம் வாங்க முடியாது. கோடு இல்லாத ஆணையும் ஏட்டளவில்தான் நிற்கும்.

வரலாறு

கார்கள் பெருகிய 1920களில் லண்டன் தெருக்களின் நெரிசலைச் சமாளிக்க 1924ஆம் ஆண்டின் லண்டன் போக்குவரத்துச் சட்டம் வந்தது. தலைநகரின் போக்குவரத்துக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் அதன்படி போக்குவரத்து அமைச்சருக்குக் கிடைத்தது. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான பொது வேக வரம்பை நீக்கிப் பெயர் பெற்றது. குறிப்பிட்ட சாலைகளில் குறிப்பிட்ட வண்டிகளைத் தடுக்கும் ஆணைகளுக்கும் அதுவே வழிவகுத்தது. சில ஊர்களில் தெருவின் ஒரு பக்கம் இன்று, மறு பக்கம் நாளை என்று மாற்றி மாற்றித் தடை விதிக்கும் முறை இருந்தது. அதற்காகப் பலகையை நாள்தோறும் திருப்பிவைக்க ஆள் வேண்டியிருந்தது.

1956ஆம் ஆண்டின் சட்டம் தெருவில் நிறுத்தக் கட்டணம் வாங்க வழி செய்தது. நாணயம் போடும் நிறுத்தமானி அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1935 ஜூலையிலேயே வந்துவிட்டது. லண்டனின் மேஃபேர் பகுதிக்கு அது 1958 ஜூலை 10 அன்றுதான் வந்தது. மஞ்சள் கோடுகளும் அந்தப் பத்தாண்டிலேயே புழக்கத்துக்கு வந்தன. 1960 செப்டம்பரில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டரில், நிறுத்த விதிகளை மீறுவோருக்குச் சீட்டு கொடுக்கும் போக்குவரத்து வார்டன்கள் பணியில் இறங்கினார்கள். அவர்கள் கொடுத்த முதல் அபராதச் சீட்டு, மாரடைப்பு நோயாளியைப் பார்க்க வந்திருந்த மருத்துவரின் காருக்கு. கண்டனம் கிளம்பியதும் அந்த அபராதம் கைவிடப்பட்டது. வார்டன்கள் பேரில் பிரித்தானியர்களுக்குப் பின்னாளில் வந்த கசப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைத்திருக்காது.

இன்று நடைமுறையில் உள்ளது 1984ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம். ஆணை பிறப்பிக்கும் முறையை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான 1996ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள் தர வேண்டும். ஆணை பிறந்தபின் தக்க பலகைகளை நட வேண்டும். ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகிறவருக்கு 6 வாரக் கெடு உண்டு.

நிறுத்தக் குற்றத்தைக் காவல்துறையிடமிருந்து விடுவித்தது 1991ஆம் ஆண்டின் சட்டம். 1994க்குள் பரோ எனப்படும் லண்டனின் உள்ளாட்சி மன்றங்கள் தாங்களே அபராதச் சீட்டு கொடுத்து, பணத்தையும் தாங்களே வைத்துக்கொள்ளத் தொடங்கின. மிச்சப் பணத்தைப் போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆணையின் சொற்களை வரிவரியாகத் துருவிப் பார்க்கும் வழக்கம் இதன்பின் வலுத்தது. சீட்டு வாங்கியவர் தீர்ப்பாயத்துக்குப் போய், ஆணையில் எழுதியிருப்பது ஒன்று, தெருவில் தீட்டியிருப்பது வேறு என்று வாதிடலாம். சண்டர்லாந்து நகரின் நிறுத்தக் கட்டுப்பாட்டு மண்டலம் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. ஓட்டுநருக்குச் செய்தி தெளிவாகச் சேர்ந்திருந்தால், கோடுகளில் உள்ள சிறு குறைகளால் தடை செல்லாமல் போகாது என்பது அந்தத் தீர்ப்பு. நியாயமான முடிவு.

சொல்வழி ஆணையின் அமைப்பு

பழைய ஆணையின் உயிர் அதன் பின்னிணைப்பு அட்டவணையில் இருக்கும். ஒரு பத்தியில் தெருவின் பெயர், அடுத்ததில் எந்தப் பக்கம், அதற்கடுத்ததில் நீளம் என்று வரும். நீளத்தைச் சொல்லும் நடை கிட்டத்தட்ட இப்படி அமையும்: குறுக்குச் சாலையின் தெற்கு ஓரக்கல் வரியிலிருந்து தெற்கே 10 மீட்டரில் உள்ள புள்ளி முதல், 14ஆம் எண் வீட்டுக்கும் 16ஆம் எண் வீட்டுக்கும் பொதுவான சுவர் வரை. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிற அதே முறை. எல்லை காட்டும் வீடு இடிந்து அடுக்குமாடி எழுந்தால், அல்லது சந்தி அகலமாகி ஓரக்கல் இடம் பெயர்ந்தால், சட்டப்படி தடை எங்கே தொடங்குகிறது என்பதே கேள்விக்குள்ளாகும். ஒரு தெருவுக்குப் பத்துத் திருத்த ஆணைகள் குவிந்திருக்கும். நடப்பில் உள்ள விதியை அறிய அத்தனையையும் வரிசையாகப் படித்தாக வேண்டும்.

வரைபடத்துக்கு மாற்றுதல்

ஆணைகளை வரைபடத்துக்கு மாற்றுவதற்கான அடித்தளம் 1791இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவை நிறுவனம். அது தன் பெரிய அளவுகோல் வரைபடங்கள் ஏறத்தாழ 2,30,000 தாள்களையும் 1995க்குள் கணினியில் ஏற்றி முடித்தது. கட்டடம், ஓரக்கல், வேலி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் தரும் மாஸ்டர்மேப் 2001இல் வந்தது.

மாற்றும் வேலை கணினியில் அன்று, தெருவில் தொடங்குகிறது. அளவையாளர் நடந்து சென்று, தீட்டிய கோடு எங்கே முடிகிறது, பலகையில் என்ன நேரம் எழுதியிருக்கிறது என்று குறித்துவருவார். அலுவலகத்தில் பழைய அட்டவணையைப் படித்து அதையும் வரைபடத்தில் வரைவார்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பொருந்தாத இடங்கள் வெளியே வரும்: ஆணை இல்லாத கோடு, கோடு இல்லாத ஆணை, மீட்டர் கணக்கில் விலகிய முனைகள். எதைத் திருத்துவது, கோட்டையா ஆணையையா, என்று இடத்துக்கு இடம் முடிவெடுக்க வேண்டும். பொருள் மாறாமல் பழையவற்றை ஒருங்கிணைக்கும் ஆணைக்கு நடைமுறையில் தளர்வு உண்டு. பொருள் மாறினால் அறிவிப்பும் ஆட்சேபமும் முதலிலிருந்து தொடங்கும்.

முடிந்த ஆணையில் சட்டப் பிரிவுகள் சில பக்கங்களே இருக்கும். மற்றதெல்லாம் ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத் தாள்கள். ஒவ்வொரு தாளுக்கும் கட்ட எண்ணும் திருத்த எண்ணும் உண்டு. ஒரு சந்தியில் விதி மாறினால், அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த திருத்த எண்ணுள்ள தாளைச் சேர்ப்பார்கள்.

வரைபடத்துக்கும் அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு. நகரங்களுக்கான 1:1250 அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் தடிமனான கோடு தரையில் 1.25 மீட்டரை மறைக்கும். ஆகவே கோட்டின் தடிமன் தடையின் அகலத்தைக் குறிக்காது என்று ஆணையிலேயே விளக்க வேண்டியிருக்கிறது. உண்மையில் மஞ்சள் கோட்டின் தடை சாலையின் நடுவிலிருந்து நடைபாதைக்கு அப்பால் பொதுவழி முடியும் இடம்வரை செல்லும். நடைபாதையில் ஏற்றி நிறுத்தினாலும் தப்பிக்க முடியாது. இன்னொரு தொல்லை வரைபட நிறுவனத்திலிருந்தே வந்தது. செயற்கைக்கோள் இடங்காட்டியோடு ஒத்துப்போக, 2001 முதல் 2006 வரை ஆர்ட்னன்ஸ் சர்வே தன் நாட்டுப்புற வரைபடங்களின் இடக்கணக்கைத் திருத்தியது. அவற்றின் மேல் முன்பே வரைந்துவைத்த கோடுகள் அடியிலிருந்த சாலையோடு பொருந்தாமல் விலகி நின்றன. அவற்றையும் நகர்த்த வேண்டியதாயிற்று.

சொல்லும் படமும் முரண்படும்போது எது செல்லும் என்ற கேள்விக்கு விடை எளிது: ஆணை எதைத் தன் பகுதியாக அறிவிக்கிறதோ அதுவே செல்லும். வரைபடவழி ஆணையில் அது வரைபடம். திசையும் மீட்டரும் படித்துக் குழம்பிய குடிமக்களுக்கு, தம் வீட்டு வாசலைப் படத்தில் தேடிப் பார்ப்பது சந்தேகமில்லாமல் வசதியானதே.

இன்றைய நிலை

2024 மே மாதம் சட்டமான தானியங்கி வாகனச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, இங்கிலாந்தின் மன்றங்கள் தம் ஆணைகளின் விவரங்களை ஒரே தேசியத் தரவுத்தளத்துக்கு அனுப்பக் கோரும் விதிகளுக்கு இடமளிக்கிறது. ஓட்டுநரில்லாக் கார் மஞ்சள் கோட்டைக் கண்ணால் பார்ப்பதோடு தரவிலும் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பத்திரிகை விளம்பரம் என்னும் வீண் செலவை நீக்கும் யோசனையை உள்ளூர் இதழ்கள் எதிர்த்துவருகின்றன. ஸ்வீடன் போக்குவரத்து விதிகளை மின்வழியில் வெளியிடும் தேசியத் தொகுப்பை 2007லேயே தொடங்கியது. மேலே சொன்ன 1996 விதிகள் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தா; அங்கே 1999ஆம் ஆண்டின் தனி நடைமுறை விதிகள் உள்ளன.