கேள்வி கேட்க முடியாத தொகுதி: கொரோனா காலமும் கோவில்பட்டியும்

ஒரு எம்.எல்.ஏ. அல்லது எம்.பி.யின் வேலை என்ன என்று யாரிடம் கேட்டாலும் ரோடு போடுவது, தண்ணீர் கொண்டு வருவது, பஸ் ஸ்டாப் கட்டுவது என்றுதான் பதில் வரும். அரசைக் கேள்வி கேட்பது என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இருப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான். அந்த வேலை நின்று போனால் என்ன ஆகும் என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகள் நன்றாகவே காட்டின. கோவில்பட்டியையும் அதைச் சுற்றியுள்ள கரிசல் பூமியையும் வைத்துப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கரிசல் மண்ணும் பள்ளிக்கூடமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி. பட்டாசுக்கு சிவகாசி போல தீப்பெட்டிக்கு கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரம். 1980களில் இந்தப் பகுதி உலகம் முழுக்க அறியப்பட்டது தீப்பெட்டியால் மட்டும் அல்ல, அதில் வேலை செய்த குழந்தைகளாலும்தான்! 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டுப் படிக்க வைக்கும் தேசியத் திட்டம் 1988ல் தொடங்கியபோது, சிவகாசி வட்டாரம் முதல் பட்டியலிலேயே இடம் பெற்றது.

இன்னொரு வரலாறும் இந்த மண்ணுக்கு உண்டு. காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956ல் தொடங்கி வைத்தது பாரதி பிறந்த எட்டயபுரத்தில். சோறு போட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பது இங்கே சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை.

ஆகவே 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தப் பகுதிக்கு அது வெறும் விடுமுறை அல்ல. பள்ளிக்கூடம் மூடினால் ஒரு வேளைச் சாப்பாடும் போகிறது, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் இருக்கும் காரணமும் போகிறது. "கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடக்கிறது, ஆன்லைனில் வகுப்பு நடக்கிறது" என்று அரசு சொன்னது. ஆனால் 2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீதத்தில். இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். ஒரே ஒரு செல்போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டால்?

இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் கோவில்பட்டிக்காக யார் கேட்பது?

அமைச்சரின் தொகுதி

கோவில்பட்டி கேள்வி கேட்கும் தொகுதியாகவே நெடுங்காலம் இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சோ. அழகர்சாமி 1967, 1971, 1977, 1980, 1989 என ஐந்து முறை இங்கிருந்து சட்டமன்றம் சென்றார். 1996லும் 2001லும் கூட அதே கட்சிதான் வென்றது.

2020ல் நிலைமை வேறு. தொகுதியின் எம்.எல்.ஏ.வான அ.தி.மு.க.வின் கடம்பூர் ராஜு அப்போது செய்தி மற்றும் விளம்பரத் துறை அமைச்சர். அமைச்சரின் தொகுதி என்றால் பெருமைதான், வேலைகளும் வேகமாக நடக்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அமைச்சர் சபையில் கேள்வி கேட்க மாட்டார், பதில்தான் சொல்வார். அரசின் முடிவு அவருடைய முடிவும் கூட. எனவே அரசின் கொரோனா நடவடிக்கை பற்றி கோவில்பட்டி மக்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தால், அதை சபையில் எழுப்ப அவர்களுடைய சொந்தப் பிரதிநிதியால் முடியாது. இது தனி நபரின் குறை அல்ல. நம் ஆட்சி முறையின் அமைப்பே அப்படி.

சரி, மற்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்டிருக்கலாமே? சபை கூடினால்தானே கேட்பதற்கு! 2020 மார்ச் 24ஆம் தேதி சட்டமன்றக் கூட்டத்தொடர் அவசரமாக முடிக்கப்பட்டது. அடுத்து கூடியது செப்டம்பர் 14ஆம் தேதி, சென்னை கலைவாணர் அரங்கத்தில், இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. அந்தக் கெடு முடியப் பத்து நாட்கள் இருக்கும்போதுதான் சபை கூடியது. அதுவும் மூன்றே நாட்கள்.

இடைப்பட்ட காலத்தில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள்.

- ஏப்ரலில் தி.மு.க. கூட்ட நினைத்த அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு வீடியோ கான்பரன்ஸ் மூலம் நடந்தது.
- பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 15ல் நடத்தியே தீருவோம் என்றது அரசு. 9 லட்சம் மாணவர்களின் உயிரோடு விளையாடலாமா என்ற கேள்வியை எழுப்பியது சட்டமன்றம் அல்ல, சென்னை உயர் நீதிமன்றம். மறுநாள், ஜூன் 9ஆம் தேதி, தேர்வு ரத்து. எல்லோரும் பாஸ்.
- ஜூன் 10ஆம் தேதி சேப்பாக்கம் எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன் கொரோனாவால் இறந்தார். இந்தியாவில் இந்த நோய்க்குப் பலியான முதல் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான்.
- சென்னையில் இறந்தவர்களின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படுகிறது என்று எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் தொடர்ந்து சொன்னதால் ஒரு குழு போடப்பட்டது. ஜூலை 22ஆம் தேதி, விட்டுப்போன 444 மரணங்கள் ஒரே நாளில் கணக்கில் சேர்க்கப்பட்டன.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்த 444 பேர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

டெல்லியில் காணாமல் போன கேள்வி நேரம்

கோவில்பட்டி, தூத்துக்குடி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. 2019 முதல் அதன் எம்.பி. தி.மு.க.வின் கனிமொழி. அவர் டெல்லியில் எதிர்க்கட்சி வரிசை. ஆக, கோவில்பட்டிக்கு டெல்லியிலாவது கேள்வி கேட்கும் வாய்ப்பு இருந்தது. ஆனால் அங்கும் ஒரு தடை.

மக்களவையில் வழக்கமாக முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் அங்கேயே துணைக்கேள்வி போட்டு மடக்கலாம். நட்சத்திரமில்லாத கேள்விகள் 230 வரை. இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி.

2020 செப்டம்பர் 14ல் தொடங்கிய மழைக்காலக் கூட்டத்தொடரில், கொரோனாவைக் காரணம் காட்டி கேள்வி நேரம் எடுக்கப்பட்டுவிட்டது. எழுத்துப் பதில்கள் மட்டும் மிஞ்சின. 1962 சீனப் போரின்போதும் கேள்வி நேரம் கைவிடப்பட்டது உண்டு. ஆனால் போர் வேறு, தொற்றுநோய் வேறு. போரில் ரகசியம் காக்க வேண்டும். தொற்றுநோயில் எவ்வளவு வெளியே சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

எழுத்தில் வந்த பதில்கள் எப்படி இருந்தன? ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் துறை. தரவு இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்பதும் அந்தப் பதிலில் இருந்தது. ஊர் திரும்பியவர்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல் என்ற கணக்கு அதே அமைச்சகத்திடம் இருந்தது! இறந்துபோன மருத்துவப் பணியாளர்கள் பற்றிய கேள்விக்கு, சுகாதாரம் மாநில விவகாரம், மத்தியில் கணக்கு இல்லை என்றது சுகாதாரத் துறை. உடனே இந்திய மருத்துவர் சங்கம் உயிரிழந்த 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது.

"தரவு இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அரசு எதை எண்ணவில்லை என்பது அதனால்தான் பதிவானது. நாளை வரலாறு எழுதுபவர்களுக்கு இதுவும் ஒரு ஆவணம்.

இந்தியில் வந்த பதில்

பக்கத்து மதுரையில் நடந்தது இன்னும் விசித்திரம். மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேர்வு 2020 டிசம்பரில் நடக்க இருந்தது. தேர்வு மையங்களில் ஒன்று கூட தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ இல்லை. தொற்றுக் காலத்தில் நம் பிள்ளைகள் வேறு மாநிலத்துக்குப் போய் எப்படித் தேர்வு எழுதுவார்கள் என்று மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் அக்டோபரில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். நவம்பரில் உள்துறை இணை அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. இந்தியில்!

அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும், 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு பின்னால் எழுதப்போகும் எல்லாக் கடிதங்களுக்கும் உதவும்.

ஆக்சிஜனும் தூத்துக்குடியும்

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை. நாடு முழுவதும் ஆக்சிஜன் தட்டுப்பாடு. 2018 மே 22ல் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பின் மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையை ஆக்சிஜன் தயாரிக்கத் திறக்கலாமா என்ற கேள்வி வந்தது. ஒரு பக்கம் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிகள், மறுபக்கம் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். ஏப்ரல் 26ஆம் தேதி நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் கனிமொழியும் கலந்து கொண்டார். ஆக்சிஜன் மட்டும், நான்கு மாதம் மட்டும், கண்காணிப்புக் குழுவோடு என்ற நிபந்தனைகளுடன் அனுமதி தரப்பட்டது. ஜூலை 31ஆம் தேதியோடு அனுமதி முடிந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எடுத்த முடிவுக்கு இது ஒரு நல்ல உதாரணம். எதிர்ப்பவர்களின் சந்தேகங்களே அங்கு நிபந்தனைகளாக மாறின.

அதே ஜூலையில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி. ஆக்சிஜன் இல்லாமல் எத்தனை பேர் இறந்தார்கள்? அப்படி எந்த மரணமும் மாநிலங்களால் குறிப்பாகத் தெரிவிக்கப்படவில்லை என்பது மத்திய அரசின் பதில். இந்த விஷயத்தில் மத்திய அரசு, மாநில அரசுகள் இரண்டுக்குமே பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது.

நாற்காலிகள் மாறின

2021 மே மாதம் ஆட்சி மாறியது. கேள்வி கேட்டுக் கொண்டிருந்த ஸ்டாலின் பதில் சொல்லும் இடத்துக்கு வந்தார். பதில் சொல்லிக் கொண்டிருந்த எடப்பாடி பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். கோவில்பட்டியில் டி.டி.வி. தினகரனைத் தோற்கடித்து மீண்டும் வென்ற கடம்பூர் ராஜு, இப்போது எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.! ஓராண்டுக்கு முன் கேள்வி கேட்க முடியாதிருந்த தொகுதிக்கு, அதே மனிதர் மூலமாகவே கேட்கும் வாய்ப்பு திரும்பக் கிடைத்தது.

கேட்பதற்கும் நிறைய இருந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதிதான். ஏறத்தாழ இருபது மாதம்! 2020ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தது. இந்த இழப்பைச் சரிசெய்யத் தன்னார்வலர்களைக் கொண்டு "இல்லம் தேடிக் கல்வி" 2021 அக்டோபர் 27ல் தொடங்கப்பட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் தீப்பெட்டி ஆபீசுக்கோ காட்டு வேலைக்கோ போய்விட்டார்கள் என்பதை எந்தக் கட்சி ஆண்டாலும் ஊர் ஊராகக் கேட்டாக வேண்டும்.

கணக்கு ஏன் முக்கியம்?

இறந்தவர்களை எண்ணுவதால் அவர்கள் திரும்பி வரப் போகிறார்களா என்று சிலர் கேட்கலாம். 2021ல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால், கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று முடிவானது. அதற்கு ஆதாரம் வேண்டும். காகிதத்தில் கொரோனா என்று இல்லாத குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டியதுதான். தமிழ்நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு 38 ஆயிரத்தைத் தாண்டியது. இந்தியாவில் 2020, 2021 ஆண்டுகளில் கூடுதலாக நிகழ்ந்த மரணங்கள் சுமார் 47 லட்சம் என்று 2022ல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கைப் போல இது ஏறத்தாழ பத்து மடங்கு. மத்திய அரசு இதை ஏற்கவில்லை. எது சரி என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

கொரோனா காலத்தில் நம் நாட்டில் மருந்துக்கும் படுக்கைக்கும் மட்டும் தட்டுப்பாடு இல்லை, கேள்விக்கும் தட்டுப்பாடு இருந்தது. சபை கூடாத நாட்களில் நீதிமன்றமும் பத்திரிகையும் மருத்துவர் சங்கமும் அந்த வேலையைச் செய்தன. அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது முதலில் மூடப்படுவது பள்ளிக்கூடமாகவும் கேள்வி நேரமாகவும் இருக்கக் கூடாது. ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோடு எப்போது வரும் என்று கேட்கிறோம். சபையில் எங்களுக்காக என்ன கேட்டீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.