குனிந்த பூநாரை: ஆடுபன் பறவைகளின் இரு கைவண்ணப் பதிப்புகள்

பூநாரை குனிந்து நிற்கிறது. நீண்ட கழுத்து வளைந்து இறங்கி, அலகு காலடியை நெருங்குகிறது. ஜான் ஜேம்ஸ் ஆடுபனின் ‘அமெரிக்காவின் பறவைகள்’ பெரும்பதிப்பில் இது 431ஆம் படம். குனிய வைத்ததற்குக் காரணம் தாள். எந்தப் பறவையையும் அதன் உண்மை அளவிலேயே காட்டுவது என்பதில் ஆடுபன் பிடிவாதமாக இருந்தார். அவர் தேர்ந்த தாள் மூன்றேகால் அடி உயரம். பூநாரை நிமிர்ந்தால் தலை தாளுக்கு வெளியே போய்விடும். நல்லவேளையாக, இரை தேடும் பூநாரை தலையைக் கவிழ்த்துத்தான் சேற்றை அரிக்கும். தாளின் நெருக்கடியும் பறவையின் இயல்பும் ஒரே வளைவில் கூடிவந்தன.

இந்த ஓவியங்களுக்கு ஆடுபன் காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டிய இரண்டு பதிப்புகள் வந்தன. ஒன்று, 1827 முதல் 1838 வரை லண்டனில் ராபர்ட் ஹாவல் செய்த பெரும்பதிப்பு, 435 படங்கள். மற்றது, 1840 முதல் 1844 வரை ஃபிலடெல்ஃபியாவில் ஜே. டி. போவன் அச்சிட்ட சிறுபதிப்பு. ஏழு தொகுதி, 500 படங்கள். மூலம் ஒன்று, தீட்டியது இரண்டிலும் மனிதக் கை. ஆனாலும் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வேறு பறவைகளைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

வேறுபாடு வண்ணத்துக்கு அடியிலேயே தொடங்குகிறது. ஹாவல் செப்புத் தகட்டில் வேலை செய்தவர். கோடுகளைச் செதுக்கியபின், தகட்டின்மேல் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி அமிலத்தில் இடுவார்கள். தூள் ஒட்டாத நுண்ணிய இடைவெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும். மையிட்டு அச்செடுத்தால் மென்மையான சாம்பல் நிழல் விழும். அக்வடின்ட் என்பது இதுதான். இறகின் மடிப்பு, இறக்கைக்கு அடியில் படியும் இருட்டு, சேற்றின் ஈரம் எல்லாம் வண்ணம் ஏறுமுன்பே தாளில் வந்துவிடும். தீட்டுபவர் மெல்லிய நீர்வண்ணத்தை ஓட விட்டால் போதும், இளஞ்சிவப்புக்கு அடியிலிருந்து நிழல் தானே மேலெழும். போவனுடையது கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கரிக்கோலால் வரைந்து எடுப்பது. அங்கே நிழல் என்பது கரிக்கோலின் பொடிப்பொடியான புள்ளிகள். உற்றுப் பார்த்தால் வண்ணத்தினூடே அந்தப் பொரபொரப்பு தெரியும். அதிலும் ஓர் அழகு உண்டு. ஆனால் அது இறகின் அழகல்ல, கல்லின் அழகு.

தீட்டியவர்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு என்பது என்னை உறுத்துகிறது. முதலில் எடின்பரோவில் லிஸார்ஸ் என்பவரிடம்தான் வேலை தொடங்கியது. அங்கே வண்ணம் தீட்டுவோர் வேலைநிறுத்தம் செய்ததால்தான் ஆடுபன் லண்டனுக்குப் போனார். இந்தப் பெரும் பணியின் போக்கையே மாற்றியவர்கள் அந்தப் பெயர் தெரியாத கூலிக்காரர்கள். ஹாவல் பட்டறையிலும் மாதிரித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு பலர் தீட்டினார்கள். வண்ணம் சரியில்லை என்று ஆடுபன் அவ்வப்போது குறை சொல்லி எழுதியிருக்கிறார். போவனிடம் சுமை இன்னும் பெரிது. ஆயிரம் சந்தாதாரர்கள் என்று வைத்தாலே ஐந்து லட்சம் தாள். சந்தாவோ ஆயிரத்தைத் தாண்டியது. அத்தனை தாளிலும் தூரிகை பட்டிருக்கிறது. ஒரே படத்தின் இரு பிரதிகளில் சிவப்பு ஒன்றில் அடர்ந்தும் மற்றதில் வெளுத்தும் இருப்பதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிறுபதிப்புக்கு நியாயம் செய்தாக வேண்டும். பெரும்பதிப்பின் அன்றைய விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர். முழுத் தொகுதிகள் இருநூறைத் தாண்டவில்லை என்பது கணிப்பு. சிறுபதிப்போ தவணைக்கு ஒரு டாலராக நூறு தவணை. பெரும்பதிப்பில் படத்தோடு உரை கிடையாது. உரை சேர்ந்தால் பிரிட்டிஷ் சட்டப்படி நூலகங்களுக்கு இலவசப் பிரதிகள் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், பறவைகளின் வாழ்க்கை வரலாற்றை ஆடுபன் தனி நூலாக வெளியிட்டார். சிறுபதிப்பில் படமும் உரையும் ஒன்றாயின. பறவைகளும் இனவாரியாக வரிசைக்கு வந்தன. மடியில் வைத்துப் படிக்கக்கூடிய புத்தகம் அது. படிப்பதற்கு எது என்று கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன்.

பார்ப்பதற்கு என்றால் விடை வேறு. ஆடுபனின் மகன் ஜான் உட்ஹவுஸ், காமரா லூசிடா என்ற கருவியின் துணையால் படங்களைச் சுருக்கி வரைந்தார். அதில் அளவு என்ற செய்தியே போய்விட்டது. பெரும்பதிப்பில் முதல் படமான காட்டு வான்கோழி தாளை முட்டிக்கொண்டு நிற்கும். சிறு பறவையோ அதே அகலத் தாளின் நடுவில், சுற்றிலும் வெள்ளை வெளி சூழ, ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கும். எது எவ்வளவு பெரிது என்று கண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிறுபதிப்பில் வான்கோழியும் சிட்டும் ஒரே பக்கத்துக்குள் அடங்கி ஏறக்குறையச் சமமாகிவிடுகின்றன.

பூநாரையும் அங்கே இருக்கிறது, 375ஆம் படமாக. உயரம் ஒரு சாணுக்குள். இந்த அளவில் அது நிமிர்ந்தே நிற்கலாம்; தாள் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் அதே வளைவோடு குனிந்துதான் நிற்கிறது. ஹாவலின் தகட்டில் அந்தக் கழுத்து, பறவையின் முழு உயரத்தையும் உள்ளே மடக்கி வைத்திருக்கும் வில்போல விறைத்திருக்கிறது. போவனின் தாளில் அழகான ஒரு கோடாக இறங்கி வருகிறது.