கம்பளி ஆடு வளர்ப்பு – தமிழ்நாடு

தென்காசி மாவட்டம் வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் மேயும் செம்மறிகள் பெரும்பாலும் கம்பளி தராத முடி ஆடுகள். திருநெல்வேலிச் சீமையின் செவ்வாடு இவ்வகையே. உடலை ஒட்டிய குட்டை முடி வெயிலுக்கு ஏற்றது, நூற்க உதவாது. இவற்றை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள்; வயலில் கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும்.

கம்பளி தரும் ஆடுகள் மாநிலத்தின் வடக்கிலும் மேற்கிலும் உள்ளன. உடல் முழுதும் கறுத்த திருச்சி கறுப்பு, வெள்ளை உடலும் தலை, கழுத்தில் கறுப்பு அல்லது பழுப்புத் திட்டுகளும் கொண்ட கோயம்புத்தூர்க் குறும்பை ஆகியவற்றின் மயிர் முரடானது. கம்பளத்துக்கும் போர்வைக்கும் போகும். தமிழ்நாட்டு இனங்களில் நீலகிரி ஆட்டின் மயிர் மட்டுமே மென்மையானது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து அது உருவானது. இன்று எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்ட இந்த இனத்தைக் காப்பது அவசரத் தேவை. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அப்பணியைச் செய்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் பாரத் மெரினோ என்ற செம்மறி இனத்தை வளர்க்கிறது.

கம்பளி நெய்வது குடும்பமே கூடிச் செய்யும் வேலை. தக்காணத்தில் ஆடு வளர்க்கும் குறும்பர் கத்தரித்த மயிரை வில்லால் அடித்துச் சிக்கெடுத்து, கையால் நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றுவார்கள். பசை காய்ந்ததும் நூல் விறைத்து, தறியின் இழுப்பைத் தாங்கும். கறுப்பு மயிருக்குச் சாயமே வேண்டாம். மயிரில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசையால் மழைநீர் எளிதில் ஊறாது. மேய்ச்சல்காட்டில் இடையருக்குக் கம்பளியே குடை, அதுவே படுக்கை.