சித்தபிரசாத்தின் கறுப்பு மை

போர்க்கால ஓவியர் என்றதும் படைமுகாமும் பீரங்கியும்தான் நம் நினைவுக்கு வரும். சித்தபிரசாத் (1915–1978) வரைந்தது பசியை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வங்கத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. எதிரி கைக்குப் போய்விடக் கூடாதென்று வங்கக் கரையோரப் படகுகளை ஆங்கில அரசே பறித்துக்கொண்டது. அக்டோபரில் புயலும் அடித்தது. அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 30 லட்சம் வரை என்பது ஒரு கணிப்பு. 1943 நவம்பரில் சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். கண்டதை எழுதியும் வரைந்தும் ‘ஹங்கிரி பெங்கால்’ என்ற சிறுநூலாக்கினார். அதன் 5,000 படிகளை அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது. தப்பிய ஒரு படி குடும்பத்தாரின் வங்கிப் பெட்டகத்தில் இருந்தது. அதை வைத்து 2011-இல் டெல்லி ஆர்ட் கேலரி மறுபதிப்பு கொண்டுவந்தது.

இவர் படத்தை அஞ்சல் அட்டையாக்கி விற்பது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகத் தகும் என்பது என் கட்சி. பின்னாளில் அவர் விரும்பிச் செய்த லினோகட், லினோலியத்தை உளியால் குடைந்து, மை உருட்டி, ஒன்றுக்குப் பத்தாகப் படி எடுப்பதற்கென்றே உள்ள கலை. கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் என்பதால் நான்குக்கு ஆறு அங்குல அட்டையிலும் அது சேதமில்லாமல் நிற்கும். பஞ்சகாலத் தூரிகைப் படங்கள்தான் சிக்கல். கோட்டின் ஓரத்தில் மை வற்றி நரைத்திருக்கும். ஆஃப்செட்டில் அந்த நரை புள்ளிகளாகச் சிதறும். பூதக்கண்ணாடி வைத்தால் விலா எலும்பின் கோடே உடைந்து கிடக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பல படங்களில், வரையப்பட்டவரின் பெயரையும் ஊரையும் அவர் தம் கையால் எழுதியிருக்கிறார். அழகுக்காக விளிம்பை வெட்டினால் முதலில் போவது அந்த எழுத்துதான். பெயர் போய்விட்டால் வரையப்பட்டவர் யாரோ ஒரு பஞ்சப் பராரி.

சென்னை முகப்பேரில், இக்கட்டுரை வரும் இம்மலரோடு இவருடைய படங்களை அஞ்சல் அட்டைகளாகவும் வெளியிடலாம் என்ற பேச்சு அடிபடுவதால் சொல்கிறேன். அச்சடிக்க அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பளபள லேமினேஷன் வேண்டாம், கனமான மேட் அட்டை போதும். பெயரும் ஊரும் பின்பக்கத்திலாவது தமிழில் வரட்டும். ஓவியர் மறைந்து 60 ஆண்டு நிறையவில்லை. பதிப்புரிமை 2038 முடியும்வரை உண்டு. ஆகவே முதல் வேலையாக, உரிமை உள்ளவர்களிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.