வரிக்காகப் பார்த்த மண்: பாராமகாலில் ரீடும் மன்றோவும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எந்தக் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டைப் புரட்டினாலும், புல எண்ணுக்கு நேரே நஞ்சை அல்லது புஞ்சை, மண் வயனம், மண் தரம், தீர்வை என்ற பத்திகளைக் காணலாம். இப்போதைய பதிவுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த நிலவரித் திட்டங்களின் வழி வந்தவை. ஆனால் ஊரை மொத்தமாக மதிப்பிடாமல், ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, மண்ணைப் பார்த்து, உழுபவர் பெயரிலேயே தீர்வை விதிக்கும் முறையைக் கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி முதன்முதலில் விரிவாகச் சோதித்தது இந்த மண்ணில்தான். சோதித்தவர்கள் வேளாண் அறிஞர்கள் அல்லர். போர்முனையிலிருந்து வந்த படை அதிகாரிகள். அவர்கள் தொடங்கிய புலவாரி அளவை முறை இன்றும் பயன்படுகிறது. மண்ணிடம் அவர்கள் கேட்ட கேள்விதான் இன்றைக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி இன்றைய கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. அதை ஆளத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் தேர்ந்தெடுத்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். போரில் உளவுப் பிரிவை நடத்தியவர் அவர். சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டுப் படையினரை அமர்த்தியதற்குக் காரணம், உள்ளூர் மொழிகளும் ஊர்களும் அவர்களுக்குப் பழகியிருந்ததே. ரீடின் கீழ் மக்ளியாட், கிரஹாம், தாமஸ் மன்றோ ஆகிய மூவர் பணியாற்றினர். 1780இல் காலாட்படையில் பயிற்சிநிலை வீரராகச் சென்னையில் வந்திறங்கிய மன்றோ, 1799 வரை இப்பகுதியின் வருவாய்ப் பணியில் இருந்தார். வழி, நீர்நிலை, தானிய இருப்பு ஆகியவற்றை விசாரித்துக் குறித்துவைக்கும் படைப் பழக்கம், நிலத்தைக் குறிப்பதற்கும் கைகொடுத்தது என்று கருத இடமுண்டு.

ரீடின் நில அளவை புலம் புலமாக நடந்தது. ஒரு புலம் பாசனம் பெறுவதா, மானாவாரியா, தோட்டமா என்பது முதலில் பிரிக்கப்பட்டது. பிறகு மண்ணின் தன்மையும் விளைச்சலும் கருதப்பட்டன. தொடக்கத்தில் ரீட் பல ஆண்டுக் குத்தகையையே விரும்பினார். ஆனால் மழை பொய்த்தால் முழுக் குத்தகையையும் சுமக்கக் குடியானவர் தயங்கினர். 1796இல் அவர் வெளியிட்ட அறிவிப்பு, ஆண்டுதோறும் நிலத்தை எடுக்கவோ விடவோ அவர்களுக்கு உரிமை தந்தது. மன்றோ இம்முறையின் உறுதியான ஆதரவாளரானார். பின்னாளில் ரயத்துவாரி என நிலைபெற்ற ஏற்பாட்டின் கரு இதுவே.

இது மண்ணியலே அன்று, வெறும் வரி வசூல் என்று மறுக்கலாம். நோக்கம் வரிதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மண்ணை இன்னொரு மண்ணோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதும், வரிவீதத்தை முடிவு செய்வதும் வெவ்வேறு செயல்கள். இதற்குச் சான்று மன்றோவின் பிற்கால நடவடிக்கை. பின்னர் தம் பொறுப்பில் வந்த ‘ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்கள்’ என்ற பகுதியை அளந்து தரம் பிரித்த அவர், 1807இல் அங்கு விதித்த தீர்வையைக் கால் பங்கு குறைக்கப் பரிந்துரைத்தார். தரப்பிரிவை அவர் கைவிடவில்லை. வீதமே மிகை என்று கண்டார். இரண்டாவது மறுப்பு வலுவானது: அந்த அறிவு ஊராருடையது, அதிகாரிகள் எழுதிக்கொண்டது மட்டுமே என்பது. இதைப் பெரும்பாலும் ஏற்கவே வேண்டும். எந்தச் செம்மண் கேழ்வரகுக்கு ஆகும், எந்தச் சரளை நிலம் கொள்ளுக்கு மட்டுமே ஆகும் என்பதைத் தலைமுறைகளாக உழுதவர்களே அறிவர். ஊர்க் கணக்கரான கர்ணமும் குடியானவரும் சொல்லாமல் எந்த அளவையாளரும் தரம் பிரித்திருக்க முடியாது. அந்த அறிவைப் புலவாரியாக அரசின் ஏட்டில் ஏற்றியதே அதிகாரிகளின் பங்கு.

அந்தப் புலவாரி ஏற்பாடும் உடனே நிலைக்கவில்லை. ரீடும் மன்றோவும் அகன்ற சில ஆண்டுகளுக்குள் சேலம், பாராமகால் நிலங்கள் நிரந்தரத் தீர்வையின் கீழ் மிட்டாக்கள் என்ற ஜமீன் பகுதிகளாகப் பிரித்து விற்கப்பட்டன. 1820இல் மன்றோ சென்னை ஆளுநரான பிறகே ரயத்துவாரி மாகாணத்தின் பொதுக் கொள்கையாக வலுப்பெற்றது. 1827இல் பத்திகொண்டாவில் காலராவால் அவர் இறந்தார். அவர் உறுதிப்படுத்திய புலவாரிக் கணக்கு தொடர்ந்தது.

அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், 1799இல் மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே கும்பினி வசமான ஓசூர், இன்று சிப்காட் தொழில் வளாகங்களும் வாகனத் தொழிற்சாலைகளும் நிறைந்த எல்லை நகரம். இங்கே ஒரு புலத்தின் மதிப்பைப் பழைய ஏட்டின் ‘புஞ்சை’, ‘தரிசு’ என்ற சொற்களைக் கொண்டு மட்டும் எடைபோடுவது தவறு. தீர்வை குறைந்த நிலம் பயனற்ற நிலம் என்று பொருளில்லை. மழைநீரை உள்வாங்கிக் கிணறுகளுக்கு ஊட்டும் செம்மண் சரிவு அரசுக்கு அதிக வரி தராமலே இருந்திருக்கலாம். கரிமச்சத்து, கார அமிலநிலை, உப்பு, நுண்ணூட்டம் எதையும் அந்தத் தரம் சொல்லாது. 2015இல் தொடங்கிய மண்வள அட்டை 12 கூறுகளைச் சோதிக்கிறது. அதுவும் பயிருக்கு உரமிடவே வழிகாட்டுகிறது, ஆலைக்கழிவின் உலோகங்களை முழுமையாக அளப்பதில்லை. ஆகவே புல எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு நேரே நீர் உறிஞ்சும் திறன், கரிமச்சத்து, மாசு ஆகியவற்றைப் பதியும் புதிய பத்திகளைத் திறக்க வேண்டும். நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதிக்கும் முன் அந்தப் பத்திகள் நிரம்பியிருக்க வேண்டும். புலம் புலமாகப் பார்க்கும் ஒழுக்கத்தைப் படை அதிகாரிகளிடமிருந்து பெற்ற நாம், வருவாய்க்காக அவர்கள் தொடங்கிய விசாரணையை மண்ணின் நலனுக்காக நிறைவுசெய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.